வீட்டுக்குள் ஒரு வேப்பமரம்

குருநகர்,
12.01.2025

அன்புள்ள அக்கா,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, பூசைக்கு நடந்தே போய் வருகிறா. உங்கள் இருமல் எப்படி? மலைக்குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா இன்னமும் புலம்புகிறா. உலகமே கைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிறது. வெளியே வராத துறவிகளின் மடம் என்பதால் உங்களுக்கு மட்டும் நான் முத்திரை ஒட்ட வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, தபால்காரருக்கும் வேலை வேண்டுமே.

கம்பஸுக்குப் புது பட்ச் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் சித்தியடையாவிட்டால் பட்டம் இல்லை என்பதால் எல்லோரும் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். கம்பஸுக்குப் பக்கத்தில், திருநெல்வேலியில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் மேல்மாடியில் இப்போது நாற்பத்தாறு பேர். நாற்பத்தாறு தலைகள் என்று சொல்லலாம். மூளை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

முதல் நாள் எழுந்து நின்று தங்களை அறிமுகம் செய்யச் சொன்னேன். "ஐ ஆம் கம் ஃப்ரொம் சாவகச்சேரி" என்றான் ஒருவன். "யூ ஆர் கோ பேக் டு சாவகச்சேரி" என்றேன். வகுப்பே உருண்டு விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான், தன் பிழையைத்தான் கேலி செய்தேன் என்பது விளங்காமல். இவர்கள்தான் நாளைக்கு விவசாயத்தையும் முகாமைத்துவத்தையும் தூக்கி நிறுத்தப் போகிறவர்கள்.

ஸம்ஸியா என்று ஒரு முஸ்லிம் பிள்ளை. புத்தளத்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் திரும்பியவளாம். ஒவ்வொரு விதிக்கும் "ஏன் சேர்?" என்று கேட்கிறாள். விதிக்கு ஏன் எதற்கு? நான் என்ன ஆங்கிலத்தைப் பெற்ற தகப்பனா?

அம்மா உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறா. ஆரும் அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் தம்பி,
ஜெரிசன்

---

02.02.2025

யேசுவுக்குள் பிரியமான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் விட்டுவிட்டது. அம்மாவைப் பனி விழும் நேரத்தில் பூசைக்குப் போக விடாதே. பிந்திய பூசைக்குப் போனாலும் கடவுள் ஏற்றுக்கொள்வார் என்று மரியநாயகி சொன்னதாகச் சொல்லு.

நீ நன்றாகக் கேலி எழுதுகிறாய். சின்ன வயதிலிருந்தே அது உனக்கு வரும்.

உன்னிடம் ஓர் உதவி. இங்கே சிங்களம், தமிழ், கொங்கணி என்று மூன்று நான்கு மொழிச் சகோதரிகள் இருப்பதால் பொது வாசிப்பு ஆங்கிலத்தில்தான். சாப்பாட்டறையில் நாங்கள் பேசாமல் சாப்பிடும்போது ஒருவர் நின்று வாசிக்க வேண்டும். இங்குள்ள ஒரு சகோதரிக்கு அது சரியாக வருவதில்லை. "இன்", "ஒன்", "அற்" மூன்றையும் எங்கே எதைப் போடுவது என்று கேட்கிறா. ஒரு தாளில் லேசாக எழுதி அனுப்புவாயா?

ஏன் என்று கேட்கிற பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது.

உனக்காக மன்றாடும்,
அக்கா

---

குருநகர்,
15.02.2025

அன்புள்ள அக்கா,

சுகம். அம்மா பிந்திய பூசைக்குப் போகச் சம்மதித்துவிட்டா. ஆனால் முன்னேரப் பூசைக்கும் போகிறா.

உங்கள் சகோதரிக்குத் தாள் இத்துடன். "இன்" உள்ளே, "ஒன்" மேலே, "அற்" ஓர் இடத்தில். இதை நாலாம் வகுப்பில் படிக்க வேண்டும். துறவறம் போகுமுன் அவ எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனா என்று கேட்டுச் சொல்லுங்கள், அந்தப் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி எழுதலாம்.

அவவுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். என் வகுப்பில் அவவைவிட மோசம். "என் வீடு" என்று பத்து வரி எழுதச் சொன்னேன். அந்த ஸம்ஸியா எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "வாப்பா கதவைத் திறக்கிறது. வீட்டுக்கு உள்ளே வேப்பமரம் நிற்கிறது. உம்மா மரத்தைப் பிடித்து அழுகிறது." பத்து வரியில் பதினேழு பிழை. மரம் வீட்டுக்கு வெளியே நிற்கும், முற்றத்தில் நிற்கும். இந்த அம்மணியின் வீட்டில் உள்ளே நிற்கிறது! உள்ளே எது, வெளியே எது என்று தெரியாதவள் கம்பஸுக்கு வந்திருக்கிறாள். "இன்சைட்"டைச் சிவப்பு மையால் வெட்டி "அவுட்சைட்" என்று போட்டு, பக்கத்தில், "மரம் வீட்டுக்குள்ளா, மண்டைக்குள்ளா?" என்று எழுதினேன். வகுப்பில் வாசித்தும் காட்டினேன். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் எடுத்தது.

அவள் ஏதோ சொல்ல எழும்பினாள். "இருந்து முதலில் திருத்தி எழுது" என்றேன். அதற்கடுத்த இரண்டு வகுப்புக்கும் வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோல் வெங்காயத் தோல்.

அன்புடன்,
ஜெரிசன்

---

02.03.2025

யேசுவுக்குள் பிரியமான தம்பிக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க என் செபம். தாள் கிடைத்தது. அந்தச் சகோதரி அதை மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறா. அவவுடைய பள்ளிக்கூடத்தை மூடத் தேவையில்லை. சண்டை அதை எப்போதோ மூடிவிட்டது.

வருகிற புதன் தவக்காலம் தொடங்குகிறது. உயிர்ப்பு ஞாயிறு முடியும் வரை எங்களுக்குக் கடிதம் எழுத அனுமதியில்லை. வருவதை வாசிப்போம், பதில் போட மாட்டோம். அதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குள் மரம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டாயா? ஏதோ சொல்ல எழும்பினாள் என்று நீதானே எழுதியிருக்கிறாய்.

அம்மாவுக்கு என் முத்தம்.

அக்கா

---

குருநகர்,
16.03.2025

அன்புள்ள அக்கா,

பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். கரும்பலகைக்குக் கதைத்துப் பழகியவனுக்கு இது புதிதல்ல. இங்கே சுகம். அம்மா தவக்காலத்துக்கு மீனை விட்டுவிட்டா. கடற்கரைக் குருநகரில் பிறந்து மீனை விடுவது பெரிய தியாகம்தான். அதன் பலனாக நானும் பருப்புத் தின்கிறேன்.

வகுப்பு பெருத்துவிட்டது. புதிதாக முப்பது பேர். இருக்க இடமில்லாமல் படிக்கட்டில் நின்று கேட்கிறார்கள். என் பெயர் எப்படியோ பரவியிருக்கிறது.

அந்தப் பிள்ளை வரவில்லை. கம்பஸுக்கும் போவதில்லையாம். அதற்கு நானா பொறுப்பு? சீனியர்மார் ஏதோ பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களாம். கம்பஸ் என்றால் அப்படித்தான். நானும் நாலு பெயர் கேட்டு வளர்ந்தவன்தான். இல்லாவிட்டாலும் வீட்டில் கலியாணம் பேசத்தொடங்கியிருப்பார்கள். வியாபாரக் குடும்பங்களில் படிப்பு அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெரிசன்

---

குருநகர்,
06.04.2025

அக்கா,

அம்மா சுகம். நானும்.

நேற்று வகுப்பு நடக்கும்போது ஒருவர் படியேறி வந்து வாசலில் நின்றார். நரைத்த தாடி, இரும்புக் கறை பிடித்த சேட். ஸம்ஸியாவின் தகப்பன், சுஹைர் என்று பெயராம். பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். எழுபத்தைந்து பேருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சேர், அந்தப் பேப்பரை எடுத்துவிடுங்கோ. பிள்ளை ஒரு மாசமா அறையை விட்டு வரேல்லை."

"நான் ஒருத்தற்றை பேரும் போடேல்லையே" என்றேன்.

"பேர் தேவையில்லை சேர். எங்கடை தெருவிலை வீட்டுக்குள்ளை மரம் நிண்ட வீடு எங்கடை வீடுதான்."

பின்வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார், பிறகு இறங்கிப் போய்விட்டார். படிக்காதவர்களுக்கு நகைச்சுவை விளங்காது. நான் என்ன செய்ய?

ஜெரிசன்

---

22.04.2025

ஜெரிசன்,

ஆண்டவர் உயிர்த்தார். அந்த வாழ்த்தோடு என் இனிப்பு முடிந்தது.

அம்மாவின் சுகம் அறிந்து மகிழ்ச்சி. உன் சுகத்தைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை.

தவக்காலம் தொடங்கி இரண்டாம் கிழமை, வாசலைப் பார்க்கும் சகோதரி கிறிஸ்ரினா மடத்துக் கைபேசியைக் கொண்டு வந்தா. வெளி அலுவல்களுக்கு அவவிடம் மட்டும் அது இருக்கிறது. கம்பஸில் படிக்கும் பெறாமகள் அனுப்பியதாம். "சிஸ்டர், உங்கடை ஊர்ப் பகிடியைப் பாருங்கோவன்" என்று காட்டினா. "இங்கிலிஷ் கசாப்புக்கடை" என்று முகநூலில் ஒரு பக்கம். ஒரு கொப்பித்தாளின் படம். பிள்ளையின் குண்டெழுத்து. அதற்கு மேல் சிவப்பு மை. அந்தச் சிவப்பு எழுத்தை நான் எங்கே கண்டாலும் அறிவேன். உனக்குக் கைபிடித்து 'அ' எழுதப் பழக்கியவள் நான்.

ஒன்பதாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். சிலர் சிரித்ததோடு நிற்கவில்லை. "வந்த வழியே புத்தளம் போ" என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் பக்கத்தின் பேரில் நீ ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தாய். எனக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றிலாவது முகநூல் என்ற சொல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். "என் பெயர் எப்படியோ பரவியிருக்கிறது." எப்படியோ! இவ்வளவு இலக்கணம் படித்தவனுக்கு ஒரு உண்மையை எழுதத் தெரியவில்லை.

உனக்கு விளங்காத அந்தக் கட்டுரை எனக்கு முழுக்க விளங்கியது. ஒரு வசனம்கூடத் தவறவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் எழுதுவேன். "இன்", "ஒன்" தெரியாத சகோதரி நான்தான். அவளுடைய சனத்தை, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும், ஆயுத இயக்கம் தொண்ணூறாம் ஆண்டில் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுத் துரத்தியபோது எனக்குப் பதினொரு வயது, உனக்கு ஐந்து. இருபது வருடம் கூரையில்லாமல் கிடந்த வீட்டுக்குள் மரம் முளைக்காமல் என்ன செய்யும்? உள்ளே என்று அவள் எழுதினாள். அது உள்ளேதான் நின்றது. அந்தப் பத்து வரியில் அவள் சரியாக எழுதிய சொல்லைப் பார்த்து வெட்டியிருக்கிறாய்.

இன்னொன்று. உனக்குப் பதினாலு வயது. கோயில் பாடகர் குழுவில் எனக்கு ஆங்கிலப் பாட்டுத் தந்தார்கள். நான் முதல் வரி வாசித்ததும் நீ, "அக்கா, வாயை மூடுங்கோ, இங்கிலிஷ் செத்துப்போம்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை நாலு பேருக்கு முன்னால் ஓர் ஆங்கிலச் சொல் சொன்னதில்லை. இருபத்தாறு வருடம். சாப்பாட்டறையில் என் முறை வரும்போதெல்லாம் தொண்டை நோ என்று பொய் சொல்கிறேன். துறவி பொய் சொல்கிறேன். நீ அதை மறந்திருப்பாய்.

அந்தப் பக்கத்தை எடு. எடுத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போ. போகுமுன் எனக்குக் கடிதம் எழுதாதே. வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

மரியநாயகி

---

குருநகர்,
25.05.2025

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. இப்போது சுகம். நீங்கள் சுகமா?

போனேன். அதனால் எழுதுகிறேன்.

பக்கத்தை அன்றைக்கே எடுத்தேன். போகத்தான் ஒரு மாதம் சென்றது. முதலில் ஒரு மன்னிப்புக் கடிதம் தட்டெழுதினேன். ஆங்கிலத்தில். தமிழில் எழுதினால் கை கூசியது. நல்ல ஆங்கிலம் அக்கா, ஒரு காற்புள்ளிகூடப் பிழையில்லை.

சோனகத் தெருவில் பாதி பூசிய வீடு. சுஹைர் முற்றத்தில் கதிரை போட்டார். உள்ளே கூப்பிடவில்லை. ஸம்ஸியா வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"வாசியுங்கோ சேர்" என்றாள். "பெலத்து."

தாய் வாசலுக்கு வந்தா. மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வாசித்தேன். என் குரல் எனக்கே யாரோ செய்தி வாசிப்பதுபோல் கேட்டது.

"வாப்பாவுக்கு விளங்கேல்லை. தமிழிலை சொல்லுங்கோ."

சொன்னேன். "ஒரு தவறு நிகழ்ந்துவிட்டது. அதனால் மனவேதனை ஏற்படுத்தப்பட்டது. அதற்காக வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."

அவள் விடவில்லை.

"ஆராலை சேர்?"

கடிதத்தை நாலாக மடித்தேன்.

"நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள், செய்தவனைச் சொல்ல விருப்பமில்லாட்டிச் செயப்பாட்டுவினை போடலாம் எண்டு. எழுவாயைச் சொல்லுங்கோ சேர்."

மதிலுக்கு அப்பால் ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். அக்கா, என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தம் என்னை நோக்கி வந்தது. காது இரண்டும் சுட்டது. திரும்பி ஓடலாம்போல் இருந்தது.

"நான்" என்றேன். "நான்தான் செய்தனான்."

"இப்ப சரி" என்றாள். திருத்திய கொப்பியைத் திருப்பிக் கொடுப்பதுபோல்.

சுஹைர் எழுந்து, "வாங்கோ" என்று வீட்டுக்குள் கூட்டிப்போனார். கூடத்தின் நடுவில் அரையளவு உயரத்துக்கு ஒரு அடிமரம். சுற்றிச் சீமெந்து பூசி, மேலே தண்ணீர்க் குடம் வைத்திருக்கிறார்கள். "வேரைக் கிண்டினா அத்திவாரம் ஆட்டம் காணும் எண்டினம். விட்டிட்டம்" என்றார். குடத்திலிருந்து ஒரு பேணி தண்ணீர் தந்தார். குடித்தேன்.

புறப்படும்போது ஸம்ஸியா, "திங்களிலையிருந்து கம்பஸுக்குப் போறன். உங்கடை வகுப்புக்கு வரமாட்டன். உங்களுக்குக் கிராமர் நல்லாத் தெரியும் சேர், அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்" என்றாள்.

பாட்டுக் கதையை நான் மறந்துதான் போயிருந்தேன். அதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது. மறக்கவில்லை என்று பொய் எழுத இன்னும் வெட்கம்.

ஜெரிசன்

---

08.06.2025

யேசுவுக்குள் பிரியமான தம்பிக்கு,

அம்மாவின் காய்ச்சல் மாறியதற்கு ஆண்டவருக்கு நன்றி. எனக்குச் சுகம்.

போய் வந்ததற்கு நான் கைதட்டப் போவதில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறாய், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை உன்னை மன்னித்ததாக உன் கடிதத்தில் எங்கும் இல்லை. மன்னித்ததாக நீ எழுதாமல் விட்டதை மட்டும் மெச்சுகிறேன்.

போன வெள்ளி என் முறை. தொண்டை நோ என்று சொல்லவில்லை. இரண்டு பக்கம் வாசித்தேன். ஐந்தாவது வரியில் ஒரு நவசந்நியாசி சிரித்துவிட்டாள், இருபது வயதுப் பிள்ளை. நிறுத்தி, அவளைப் பார்த்து, அதே சொல்லை அதே பிழையோடு இன்னொரு முறை வாசித்தேன். பிறகு தொடர்ந்தேன். சூப் எல்லாம் ஆறிவிட்டது. ஒருவரும் முறையிடவில்லை.

அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று இப்போது எழுதி அனுப்பு. எனக்குத்தான்.

அக்கா

---

குருநகர்,
29.06.2025

அன்புள்ள அக்கா,

அம்மாவும் நானும் சுகம். கம்பளிச் சால்வையை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். நீங்கள் எந்தச் சொல் என்று எழுத மறந்துவிட்டீர்கள். எழுதுங்கள்.

வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். படிக்க வந்தவர்கள் என்று நினைத்திருந்தேன், அவர்கள் சிரிக்க வந்தவர்கள். அவர்களை ஏளனமாக எழுதக் கை துறுதுறுக்கிறது. அவர்களைப் பழக்கியவன் நான் என்பதால் விட்டுவிடுகிறேன். ஸம்ஸியாவைக் கம்பஸ் வாசலில் கண்டேன், இரண்டு தோழிகளோடு. அவளும் என்னைக் கண்டாள். தலையாட்டவில்லை, பார்வையைத் திருப்பவுமில்லை. சைக்கிளுக்கு வழிவிடுவதுபோல் கொஞ்சம் ஒதுங்கி, கதைத்துக்கொண்டே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை, பெற்றோரின் தொழிலைப் பற்றி ஒரு வசனம் சொல்லச் சொன்னேன். புத்தூர்ப் பிள்ளை ஒருவன், தேனுஜன், எழுந்து, "மை மதர் இஸ் அனியன்" என்றான். என் அம்மா வெங்காயம்.

இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவனைப் பார்க்கவில்லை அக்கா, என்னை. முகங்களில் சிரிப்பு அரைவாசி வந்து நின்றது, மிச்ச அரைவாசிக்கு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ நாலு பகிடி நாக்கு நுனியில். அவற்றை விழுங்கியபோதுதான் தெரிந்தது, அதற்குக் கீழே என்னிடம் வேறொன்றும் இல்லை. பதினைந்து வருடம் படிப்பித்திருக்கிறேன். சிரிக்க வைக்காமல் ஒரு பிள்ளையை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில், "அம்மா என்ன செய்யிறவா?" என்று கேட்டேன்.

"வெங்காயம் நடுறவா சேர். கூலிக்கு. எங்களுக்குக் காணி இல்லை."

"எத்தனை வருசமா?"

"நான் பிறக்கிறதுக்கு முந்தியிருந்து."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல எந்தக் காலம் வேண்டும், எந்த வினை வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தோம். பின்வாங்கில் இருந்தவர்கள்கூட முன்னுக்கு வந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் அந்த ஒரு வசனம்தான் முடிந்தது.

தம்பி,
ஜெரிசன்